குலுக்காமல் ஊற்றினால் அளவு தவறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டியில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த அப்பத்தா ஒருவர், பேரனுக்கு இரண்டு நாளாக வேளை தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்று பாதி காலியான புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் வெள்ளையாக மருந்து படிந்திருந்தது. குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை; புட்டியில் அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

நாம் பொதுவாக ‘சிரப்’ என்று சொன்னாலும், இத்தகைய மருந்துகள் பல சஸ்பென்ஷன்களே, அதாவது மருந்து முழுதும் கரையாமல் துகளாகக் கலந்திருக்கும் நீர்மங்களே. 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் ஒரு மில்லிலிட்டரில் 50 மி.கி. இருக்க வேண்டும், ஆனால் அறை வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 14 மி.கி. பாராசிட்டமால்தான் கரையும். மீதி, நுண்துகளாக மிதந்துகொண்டுதான் இருக்க முடியும். வைகையில் புதுவெள்ளம் வரும்போது ஒரு குடம் மொண்டு வைத்தால் மணல் உடனே அடங்கிவிடுகிறது, வண்டல் தெளிய மறுநாள் ஆகிறது அல்லவா? துகளின் விட்டம் இரு மடங்கானால் படியும் வேகம் நான்கு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அதனால்தான் துகளை நுணுக்கி அரைத்து, சாந்தன் போன்ற பிசின் சேர்த்துக் குழகுழப்பாக்குகிறார்கள். பிசினை மேலும் கூட்டினால் மருந்து புட்டியிலிருந்து இறங்காது. எனவே படிவதை அறவே தடுப்பதைவிட, படிந்தது பாறையாக இறுகாமல், குலுக்கினால் சட்டென்று கலையும்படி துகள்களை லேசான திரள்களாக அமைப்பதையே தயாரிப்பவர்கள் பெரிதும் நாடுகிறார்கள். ஆக, அந்தத் தயாரிப்பின் கடைசிப் படி வீட்டில் மருந்து கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

அந்தப் பேரனுக்கு முதல் இரண்டு நாளும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இனிப்பு நீர். அதைவிட என்னைக் கலங்க வைத்தது, அடியில் மிஞ்சியிருந்த கெட்டி மருந்துதான். அளவு மீறிய பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

நீர் ஊற்றிக் கலக்கும் ஆன்டிபயாடிக் பொடி மருந்துகளிலும் இதே கவனம் தேவை. காய்ச்சி ஆறிய நீரைக் குறிவரை ஊற்றி முதல்முறை குலுக்கியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும்.

‘குலுக்கிய பின் கொடுக்கவும்’ என்று தமிழில், கண்ணில் படும் அளவில், புட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட மருந்து நிறுவனங்களை அரசு பணிக்க வேண்டும். அதுவரை மருந்துக் கடைத் தம்பி தங்கைகள், புட்டியைக் கொடுக்கும்போதே ஒருமுறை குலுக்கிக் காட்டி, மூடியில் பேனாவால் ‘குலுக்கு’ என்று எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.