தங்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடியாத்தத்தில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். நேரில் சொன்னால் பாதி உங்கள் காதில் விழாது, மீதியைப் பெரியம்மா மாற்றிச் சொல்வார். கோலார் தங்கவயலில் இருபத்திரண்டு வருஷம் டிரில்லிங் மிஷின் பிடித்த ஆளுக்கு எழுதிக் காட்டுவதுதான் வசதி.

ஆபீஸ் வேலையாகத் தைவான் போயிருந்தேன் அல்லவா, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜின்குவாஷி என்ற மலையூருக்குக் கிளம்பினேன். தைபேயிலிருந்து ரூய்ஃபாங் வரை ரயில், அப்புறம் பஸ். ஏலகிரி ஏறுவது போல வளைந்து வளைந்து போகிறது, ஆனால் கீழே எட்டிப் பார்த்தால் கடல். நாள் முழுக்கத் தூறல்.

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் பெரிதாக வளர்ந்த தங்கச் சுரங்கம் அது. 1987இல் தொழில் நின்றுபோனது. 2004இல் அதையே மியூசியமாக்கித் திறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை அந்த மலைக்குள் செம்பு வெட்ட வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் துரையாக மேலே நின்றவன் அங்கே கூலியாக உள்ளே போயிருக்கிறான். படித்தபோது எனக்கென்னவோ சந்தோஷம் வரவில்லை.

ஐம்பது தைவான் டாலர் டிக்கெட், தலைக்கு ஒரு ஹெல்மெட். உங்களைப் போலக் கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், இறங்கும் வேலையெல்லாம் இல்லை, மலைக்குள் நடந்தே போகிறோம். இருநூறு மீட்டர்கூட இருக்காது. உள்ளே ஜில்லென்று இருந்தது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆங்காங்கே தொழிலாளிகள் போலப் பொம்மைகள் செய்து வைத்திருக்கிறார்கள். பாறையைக் குடையும் சத்தத்தை ஸ்பீக்கரில் விடுகிறார்கள். எனக்கு முன்னால் போன ஒரு சின்னப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். நான் பொத்தாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் வந்தால், மேலே தொழிலாளர் லைன் வீட்டுப் பாத்திரங்கள் ஆடும் என்பீர்களே, அதை எந்த ஸ்பீக்கரில் விட முடியும்?

மியூசியத்துக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் 220 கிலோ தங்கக் கட்டி, ஒரே பாளமாக. பெட்டியில் கைவிட ஓட்டை வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று நானும் விட்டேன். வழவழவென்று, சில்லென்று இருந்தது. எத்தனை பேர் தடவியதோ, மேலெல்லாம் நுண்ணிய கீறல்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தும் வரை கையை எடுக்கவில்லை. "தங்கத்தை எங்கடா பார்த்தேன், கல்லைத்தான் பார்த்தேன்" என்று நீங்கள் சொல்வது அப்போதுதான் உறைத்தது. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம் கிடைக்கிற தொழில். வெட்டுகிறவன் கண்ணில் அது எங்கே படும்? பெரியம்மாவுக்குத் தாலிக்கொடி நீங்கள் குடியாத்தம் பஜாரில்தானே தவணைக்கு எடுத்தீர்கள்.

அங்கே சுரங்கத் தொழிலாளி சாப்பாடு என்று ஒன்று விற்கிறார்கள். தகரப் பெட்டியில் சோறு, மேலே இறைச்சி, சுற்றி ஒரு துணி முடிச்சு. சாப்பிட்டுவிட்டுப் பெட்டியை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். உங்களுக்காகக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் பழைய தூக்குச்சட்டியில் பாதிதான் இருக்கும். இந்தச் சோறு ஷிஃப்டுக்கு எப்படிப் போதும் என்று கேட்பீர்கள், தெரியும்.

2001 பிப்ரவரி 28இல் மூடியதிலிருந்து நீங்கள் தங்கவயல் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பம்பு நின்று கீழே தண்ணீர் ஏறிவிட்டது, இனி யாரும் இறங்க முடியாது, சரி. ஆனால் மாரிக்குப்பத்துக்கு ரயில் ஓடுகிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சைனைடு மேடும் அப்படியே நிற்கிறது. நீங்கள் குடியிருந்த லைனை எனக்குக் காட்ட வேண்டும். வருகிற ஞாயிறு ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து பங்காரப்பேட்டை, அப்புறம் மாரிக்குப்பம். காது மிஷினுக்கு பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.

உங்கள் தம்பி மகன்