அவசர சிகிச்சைப் பிரிவின் இளம் மருத்துவர்களுக்கு

அன்புள்ள மருத்துவர்களே,

முகத்தில் அடிபட்டு வருகிறவரிடம் மூச்சுப்பாதை, ரத்தப்போக்கு, தலை, கழுத்து என்று வரிசையாகப் பார்க்கிறீர்கள். அதில் குறையில்லை. அதன்பிறகு ‘வெறும் வீக்கம்தான், வடிந்துவிடும்’ என்று வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அங்கேதான் என் வழக்கு. முக எலும்பு அறுவைப் பிரிவுக்கு அவர் வந்துசேரும்போது எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. அதை மீண்டும் வெட்டித்தான் நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

வீக்கம் உள்ளே அமுங்கிய கன்ன எலும்பை மறைத்துவிடும். வீக்கமே இல்லாத குழந்தையின் நிலையோ இன்னும் ஆபத்தானது. பந்தோ முழங்கையோ கண்ணில் பட்டிருக்கும். கண் வெள்ளையாக, காயமே இல்லாததுபோல் தெரியும். ஆனால் குழந்தை வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும், மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் மட்டும் நகராது. வளையும் தன்மையுள்ள இளம் எலும்பு, எலிப்பொறிக் கதவுபோல் திறந்து மூடி, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இதைத் தலைக்காயம் என்று எண்ணி இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்தால் தசை செத்துப்போகலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும். மூளைக்கென்று எடுத்த சிடி ஸ்கேனில் கண்குழியின் தளம் சரியாகத் தெரியாமலும் போகலாம். விரலை மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள், போதும்.

தாடைக்கு இரண்டு கேள்விகள்: பற்கள் முன்போலச் சேருகின்றனவா? கீழுதடு மரத்திருக்கிறதா? ஓரிடத்தில் முறிவு கண்டால் இன்னோர் இடத்திலும் தேடுங்கள். மோவாய்க் கிழிசலுக்குத் தையல் போட்டதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். விழுந்த அதிர்ச்சி காதருகே தாடை மூட்டை உடைத்திருக்கலாம். மூக்கினுள் விளக்கடித்துப் பாருங்கள்: நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் உடனே வடிக்க வேண்டும், இல்லையேல் குருத்தெலும்பு அழிந்து மூக்கு அமுங்கிவிடும்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் 1901இல் நடுமுக எலும்புகளுக்கு வகுத்த மூன்று முறிவுக் கோடுகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். நோயாளிகளின் முகம் அத்தனை ஒழுங்காக உடைவதில்லை. வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் வேறொன்று.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டாம். விலகாத கன்ன எலும்புக்கு மென்மையான உணவும் மறுபரிசோதனையும் போதும். தசை சிக்காமல் கண்குழி உடைந்தவரை மூக்கைச் சிந்த வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். விலகியவற்றுக்கு டைட்டானியத் தகடுகள் இருக்கின்றன. பல்லைக் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் வாயை மூடிவைப்பது இப்போது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

கடைசியாக, ‘கதவில் இடித்துக்கொண்டேன்’ என்று ஒரு பெண் சொல்லும்போது, உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
முக எலும்பு அறுவைப் பிரிவிலிருந்து ஒரு மருத்துவர்