‘கொகொரோ’வை அவசரப்பட்டு மூடிவைக்காதே

அன்பு மீனா,

உங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ‘கொகொரோ’ என்ற ஜப்பானிய நாவல் அடிபட்ட கதையைப் படித்தேன். முதல் பாதி நகரவே இல்லை, கதைசொல்லியான மாணவன் ‘சென்செய்’ (ஆசான்) என்று அழைக்கும் மனிதர் உயிரை மாய்த்துக்கொள்வதற்குக் காரணம் போதவில்லை, அவர் மனைவி வெறும் பொம்மை. மூன்றும் அந்த நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கிற குறைகள்தான். ஆனால் மூன்றும் ஒரே எடை இல்லை.

முதல் குறை படிக்கும் விதத்தால் வருவது. நட்சுமே சோசெகி இதை 1914 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆசாஹி நாளிதழில் தொடராக எழுதினார். மொத்தம் 110 சின்ன அத்தியாயங்கள்: முதல் பகுதியில் 36, இரண்டாவதில் 18, சென்செயின் கடிதமான மூன்றாவதில் 56. ஒரே மூச்சில் படித்தால் சலிக்கத்தான் செய்யும். நாளைக்கு நாலைந்து போதும். சென்செய் இறந்துவிட்டார் என்று கதைசொல்லி முதல் பகுதியிலேயே சொல்லிவிடுகிறான். ஆகவே ‘அடுத்து என்ன’ என்று தேடாதே. சென்செய் எந்த இடத்தில் பேச்சை முறிக்கிறார் என்று பார்த்துப் பென்சிலால் கோடு போடு. சோஷிகாயா கல்லறைத் தோட்டத்துக்கு ஏன் தனியாகப் போகிறார்? சொத்துப் பேச்சு வந்தால் மட்டும் ஏன் கொதிக்கிறார்? கடிதத்தில் சித்தப்பா ஏமாற்றிய கதையும், அவர் நண்பன் கே-யின் கதையும் வரும்போது உன் கோடுகளுக்கெல்லாம் பதில் கிடைக்கும்.

இரண்டாம் பகுதியைப் புரட்டித் தள்ளுகிறவர்களுக்குத்தான் ‘காரணம் போதவில்லை’ என்று தோன்றும். ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களிலும் கடிதத்திலிருந்து ஒரு துண்டைத்தான் வைக்கிறார்கள். அதை மட்டும் படித்தால் இரண்டு நண்பர்கள், ஒரு பெண் என்ற முக்கோணக் கதையாகவே மனதில் நிற்கும். மெய்ஜி பேரரசர் 1912 ஜூலையில் மறைந்ததும், செப்டம்பர் 13 அன்று இறுதி ஊர்வல நாளில் தளபதி நோகி உயிரை மாய்த்துக்கொண்டதும் கதைசொல்லியின் கிராமத்து வீட்டுக்குச் செய்தியாக வருவது இந்தப் பகுதியில். 1877 போரில் படைக்கொடியைப் பறிகொடுத்த நோகி, அன்றிலிருந்து சாவதற்கு நேரம் பார்த்துக்கொண்டே 35 ஆண்டு வாழ்ந்தார். சென்செய் அந்த ஆண்டுகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார். அரசர்மேல் வைத்த பக்தியைவிட, செத்தவனாகவே நடமாடிய அந்தக் காலம்தான் அவரைத் தொடுகிறது.

கே காதல் தோல்வியால் செத்தான் என்று உன் தோழி சொன்னாளே, சென்செயும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார். மூன்றாம் பகுதியின் 53ஆம் அத்தியாயத்தில் அதை விட்டுவிட்டு, தாங்க முடியாத தனிமைதானோ என்று வந்து சேர்கிறார். அதற்கு முன் 30ஐயும் 41ஐயும் அடுத்தடுத்துப் படி. ஆன்மிகத்தில் மேலேற முயலாதவன் மூடன் என்று பயணத்தில் கே சொன்னதை, உயெனோ பூங்காவில் அவன் திணறி நிற்கும்போது சென்செய் அவன்மீதே திருப்புகிறார், அதுவும் இருமுறை. கே விரும்பிய பெண்ணோடு (அவள்தான் பிறகு சென்செயின் மனைவி) தன் திருமணப் பேச்சை முந்திக்கொண்டு முடித்ததைவிட எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

மனைவி பற்றிய குறையை நான் மறுக்க மாட்டேன். அவள் நினைவுகள் களங்கப்படக் கூடாது என்று சொல்லி, அவள் வாழ்வையே மாற்றிய உண்மையை அவளிடமிருந்து சென்செய் மறைக்கிறார். இதை அன்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூட்டத்தில் இன்னொன்றையும் கேள். மனைவி உயிரோடு இருக்கும்வரை ரகசியம் என்றாரே, பிறகு கதைசொல்லி எப்படி இதை எழுதினான்? முதல் பகுதியின் 8ஆம் அத்தியாயத்தில், அப்போது தனக்குப் பிள்ளை இல்லை என்று போகிற போக்கில் சொல்கிறான். அப்படியானால் எழுதும்போது? 1985இல் கொமொரி யோயிச்சி என்ற விமர்சகர், அவன் பின்னாளில் சென்செயின் மனைவியோடு வாழ்ந்திருக்கலாம் என்று வாதிட்டார். ஜப்பானில் பெரிய விவாதமே நடந்தது. எனக்கு அது முழுக்க ஒப்புதல் இல்லை. அந்த ஒரு வரி அவ்வளவு பாரம் தாங்காது. ஆனாலும் 8ஐயும் கடைசி அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு நீயே முடிவு செய், எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா