தரைத்தளத்தில் ஒரு தேர்வறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் மூன்றாம் பக்கத்தில் நம் குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாச் செய்தியைப் படித்தேன். "தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. எங்கள் வளாகத்தில் வேறுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று மேடையில் ஒருவர் பேசியதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வளாகத்தில்தான் என் மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டாள். சென்ற பருவத் தேர்வில் அவளுக்கு இரண்டாவது மாடியில் இடம் போட்டிருந்தார்கள். கீழே ஓர் அறை கொடுங்கள் என்று கேட்கப் போனேன். "எல்லோருக்கும் ஒரே விதிதான் அம்மா, ஒருவருக்கு மாற்றினால் மற்றவர்களும் வந்து நிற்பார்கள்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. விருந்தினர் வரும் நாளில்தான் அதன் சாவி வெளியே வரும். இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நுழைவுச்சீட்டைப் பல்லில் கவ்வியபடி அவள் ஏறினாள். ஊன்றுகோலோடு நான் பின்னால் போனேன். 46 படிகள். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது ஒரு பையன், "அக்கா, நான் தூக்கிக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். மேலே போய் உட்கார்ந்ததும் கை நடுக்கத்தில் பேனா விரலில் நிற்கவில்லை.

அவளைப் போன்றவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். மணி அடித்ததும் அவளிடமிருந்து விடைத்தாளை வாங்கிவிட்டார்கள்.

மண்ணின் பெருமை பேசியவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தங்களுக்கு இது தெரிந்ததே. மார்பை மறைக்கும் உரிமை கேட்டு நடந்த அந்தத் தோள்சீலைப் போராட்டத்தை அடுத்து வந்த திருவிதாங்கூர் மன்னரின் 1859ஆம் ஆண்டு அறிவிப்பு, நாடார் பெண்கள் மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது. கொடுக்கும்போதே ஒரு கோட்டையும் கிழித்துக் கொடுத்த அறிவிப்பு அது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்ற முக்குவத்திகளின் வழியில் வந்தவள் நான்.

1991இல், அம்மா மீன்கடவம் சுமந்து சேர்த்த காசில் கல்லூரிக்குப் போனேன். நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவள் எழுந்து ஜன்னலைத் திறப்பாள். விடியுமுன் எழுந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போவேன். அப்போதும் திறப்பாள். கடற்புறத்துப் பிள்ளை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் ஓர் ஆசிரியர்கூட அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகள் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தங்கள் செய்திதான் சொல்ல வைத்தது.

என் மகளோடு படித்த பையன் ஒருவன் பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கி நடந்து, பஸ்ஸைப் பிடித்து வந்து சேரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். வருகைப்பதிவு குறைந்தது, அபராதம் கட்டச் சொன்னார்கள், இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். அவனைத் தேடி யாரும் மலைக்குப் போகவில்லை. பெண்கள் விடுதியோ மாலை ஆறு மணிக்கே பூட்டப்படுகிறது. நூலகம் எட்டு மணி வரை.

அதே செய்தியில், 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு குமரி மாநிலத்தில் முதலிடம் பெற்றதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணின் பேத்தி பட்டம் வாங்கப் போகிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய 5 விழுக்காட்டில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் சேர்த்துக்கொண்ட பிள்ளையை வகுப்பறை வரை கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டைத் தடுப்பதற்கென்று ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். மகளின் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று மூன்று மேசைகளில் கேட்டேன். ஒருவர் என்னை ராகிங் தடுப்புக் குழுவிடம் அனுப்பினார்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை தங்கள் நிருபர் ஒரு கல்லூரி விழாவுக்குப் போனால் அந்த அலுவலரின் பெயரையும் அவர் உட்காரும் அறையையும் கேட்டு, செய்தியின் அடியில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஏப்ரலில் மகளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு. அதற்குள் போட்டால் நான் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
குளச்சல் வட்டாரம்