டிங்போச்சே டீஹவுஸ் தீதிக்கு (நேபாளில அக்கா)

நேபாளத்துல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போற வழில டிங்போச்சே, 4,410 மீட்டர் உயரம். மலையேறுறவங்க தங்குற விடுதிதான் டீஹவுஸ். தினமும் காலைல கஞ்சி, நாள்பூரா நடை, சாயங்காலம் யாக் சாணி எரியுற அடுப்ப சுத்தி உக்காந்து தால் பாத் (பருப்பும் சோறும்), எட்டு மணிக்கு தூக்கம்னு ஓடிட்டிருந்துச்சு. அன்னிக்கு உயரம் ஒத்துக்காம தலைவலி மண்டைய பொளக்குது, சாப்பாட்ட பாத்தாலே குமட்டல், யார்கிட்டயும் சொல்லாம மூலைல சுருண்டு கிடந்தேன் (வீம்புதான், வேறென்ன). நீங்க ஒண்ணும் கேக்கல, பூண்டு சூப் கொண்டாந்து வெச்சீங்க, போர்வைக்குள்ள சுடுதண்ணி பாட்டில், ராத்திரி ரெண்டு தடவ டார்ச்சோட வந்து வேற பாத்தீங்க. விடிஞ்சதும் நான் மேல ஏற பைய தூக்குனா கைய புடிச்சு கீழ காட்டுனீங்க. பாங்போச்சே இறங்குனதும் பாதி வலி போச்சு. அந்த மலைப்பக்கம் சுடுதண்ணிக்கு தனி காசு, நீங்க குடுத்த பில்லுல அதையும் காணோம். தன்யபாத் (நன்றி) தீதி. அந்தப் பக்கம் போறவங்க யாராவது இத அவங்ககிட்ட படிச்சு சொல்லுங்களேன்.