மருமகளிடம் முதலில் கேள்

ஹட்டன்

அன்புள்ள மகனுக்கு,

டொரன்டோவில், குருவுக்கு அடுத்த படியில் நின்று கோயில் பணி செய்யும் நிரந்தரத் திருத்தொண்டராவதற்கு விண்ணப்பிக்க யோசிப்பதாக நீ எழுதிய கடிதத்தை, கோயிலில் செபமாலை முடிந்து வந்த இரவு இரண்டு முறை வாசித்தேன். மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த நான்கு பக்கங்களில் மருமகளைப் பற்றி இருந்தது, "அவளுக்கும் சம்மதம்தான்" என்ற ஒரே வரி. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அப்பா உபதேசியாராக இருந்த காலத்தில், பங்குச் சுவாமி மாதம் ஒரு முறைதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவுக்குப் பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தியதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்ததும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது இறந்தால் விளக்கோடு ஏறிப்போய் விடியும்வரை அந்த வீட்டாரோடு இருந்ததும் அப்பாதான். அடக்கத்துக்காகப் பாதி நாளில் மலையிலிருந்து இறங்கியவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அந்த அரைப்பேரைக் கணக்குப் பார்த்து அரிசி வாங்கியவள் நான். அவர் செய்ததில் நான் குறை காணவில்லை, இன்றும் காணமாட்டேன். ஆனால் உன்னால் இது முடியுமா என்று என்னிடம் கேட்டவர் ஒருவருமில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போது திருச்சபையே கேட்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் மணமானவர்களுக்கும் இந்த நிலையைத் திறந்துவிட்டது. 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளை வகுத்தார். திருச்சபைச் சட்டப்படி மணமானவருக்கு 35 வயது நிறைந்திருப்பதோடு மனைவியின் சம்மதமும் வேண்டும். வயது உனக்கு எப்போதோ தாண்டிவிட்டது. சம்மதமோ ஒரு தாளில் இடும் கையெழுத்து அல்ல. குறைந்தது 3 ஆண்டுப் பயிற்சியும், அதன் பின் வாழ்நாள் முழுவதும் உன் மாலைநேரங்களும் ஞாயிறுகளும் எங்கே போகும் என்பதை அறிந்து அவள் தரவேண்டியது. திருநிலைப்படுத்தப்பட்ட பின் மனைவி இறந்தால் மறுமணம் இல்லை என்பதே பொதுவிதி. அதை அவளோடு உட்கார்ந்து பேசினாயா? சாவுப் பேச்சென்று தள்ளிவைக்காதே. உன் கடைக்குட்டிக்கு நான்கு வயதுதான் ஆகிறது.

இன்னொன்று. பீடத்தில் நிற்பதைப் பற்றியும் பிரசங்கம் வைப்பதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை ஆசீர்வதிக்கலாம், அடக்கச் சடங்கு நடத்தலாம். பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ முடியாது என்பது உனக்கே தெரியும். திருத்தூதர் பணி 6-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசி. முதல் திருத்தொண்டர்கள் என்று நாம் சொல்லும் அந்த எழுவரைத் தேர்ந்தெடுத்தது, அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாட்டால்தான். அப்பா போன பிறகு அந்த அதிகாரத்தை நான் வாசிக்கும் விதமே வேறாகிவிட்டது.

மருமகளை எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல். நீ வாசிக்காமல் அனுப்பு. அப்பாவின் செபப்புத்தகத்தைக் கேட்டிருந்தாய். என் பெட்டியில்தான் இருக்கிறது. அவளுடைய கடிதம் வந்த பிறகு அனுப்புகிறேன்.

உன் அம்மா