கொடைக்கானல் விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த சகோதரிக்கு

கொடைக்கானலில், மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட அந்த விடுதியில், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்காகப் படியில்லாத அறை வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதியிருந்தும், எங்களுக்கு ஒதுக்கப்பட்டதோ நீண்ட படிக்கட்டின் அடியில் இருந்த அறை. மே மாதக் கூட்டத்தில் வேறு அறை இல்லையென்று மேலாளர் கைவிரித்த பிறகு, நாங்கள் கேட்காமலேயே வருகைப் பட்டியலைப் புரட்டி, யாரோ ரத்துசெய்திருந்த, வாசல்வரை கார் செல்லும் காட்டேஜை, அது வாடகை கூடியதாயினும், அதே கட்டணத்துக்கே மாற்றித் தந்தீர்கள். குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அனுப்பினீர்கள். அது மகனான எனக்கே தோன்றவில்லை. அறைகள் பெரும்பாலும் முந்தைய நாளே ஒதுக்கப்படுவதால், இணையக் குறிப்பை மட்டும் நம்பாமல் அன்று தொலைபேசியில் நினைவூட்டுங்கள் என்றும் சொல்லித் தந்தீர்கள். உங்கள் பெயர் தெரியவில்லை. இப்பதிவு கண்ணில் பட்டால், அம்மாவின் நன்றியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.